ஷாஃப்ட் சாய்ந்து நின்ற நிலைக்கால்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் கரையான் தின்ற மரத்தைவிட, கரையானைத் தேடுகிறேன் என்று ஷாஃப்ட் உடைத்த மரம்தான் அதிகம். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். "ஒடையற மரம் ஏற்கெனவே செத்த மரம்பா" என்பார்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. கோலார் தங்க வயலில் ஆயுசில் பாதியைப் பூமிக்கு அடியில் கழித்துவிட்டு, ஓய்வு பெற்று எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர். எந்தப் பேச்சையும் "நான் ஷாஃப்ட்டுல எறங்கறப்போ" என்றுதான் ஆரம்பிப்பார். கத்தரிக்காய் விலையைக் கேட்டாலும் அப்படித்தான். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

சுரங்கத்தில் தலைக்கு மேலிருக்கும் பாறையைத் தட்டிப் பார்ப்பார்களாம். கணீர் என்றால் நிற்கலாம், டொக் என்றால் ஓட வேண்டும். வெளியே வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. இடுப்பில் எப்போதும் ஒரு சின்னச் சுத்தியல் இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் கதவு, ஜன்னல், அலமாரி என்று ஒன்று விடாமல் தட்டி, காதை வைத்துக் கேட்பார். ஒரு சாவு வீட்டில் சவப்பெட்டியைத் தட்டிவிட்டு, "நல்ல மரம், ரொம்ப நாள் தாங்கும்" என்று அழுதுகொண்டிருந்தவர்களுக்கு ஆறுதல் சொன்னார். சர்ச்சில் பிரசங்கம் முடிந்த கையோடு பிரசங்க மேடையைத் தட்டி, "உள்ள ஒண்ணுமே இல்லீங்க பாஸ்டர்" என்றார். அதன் பிறகு கொஞ்ச காலம் பாஸ்டர் மிகவும் உழைத்துப் பிரசங்கம் தயாரித்தார்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. சுரங்கத்து வெடிச் சத்தத்தில் அவருக்கு இடது காது போயிருந்தது. அதனால் அவர் தட்டிக் கேட்டதில் பாதி தப்பாக இருக்கும். தனக்குக் கேட்காததால் ஊருக்கே கேட்கும்படி பேசவும் செய்வார். எங்கள் வாசல் நிலையைத் தட்டிய அன்று, "உங்க வீட்ல கரையான் புடிச்சிருக்குப்பா, ஷிஃப்ட்டு போட்டு வேலை செய்யுது" என்று அவர் சொன்னது பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிற்று. மறுநாள் காலை கீரைக்காரம்மா அம்மாவிடம், "நிம் மனேலி கெத்தலந்தே?" என்று, வீட்டில் கரையானாமே என்பதைக் கன்னடத்தில் துக்கம் விசாரித்தார்.

வீட்டில் கரையான் இருப்பது தலையில் பேன் இருப்பது மாதிரி. யாருக்கும் வரும், யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதிலும் அப்பா அந்த நிலையைத் தேக்கு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மருந்தடிக்கிற கம்பெனியைக் கூப்பிடலாம் என்றால், அவர்கள் வேன் வாசலில் நிற்குமே என்று அவருக்குக் கூச்சம். கடைசியில் ஷாஃப்ட்டையே நம்பினோம். அவர் மெக்கானிக் ஷெட்டிலிருந்து பழைய இன்ஜின் ஆயிலைக் கொண்டுவந்து, நிலையில் ஓட்டை போட்டு ஊற்றினார். கரையான் போனதா என்று தெரியவில்லை. வீடு முழுக்க லாரி வாசனை வந்தது.

அந்த நேரம் பார்த்து அக்காவைப் பெண் பார்க்க காக்ஸ் டவுனிலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பையன் அக்காவின் ஆபீஸ்தான். இது அமையாவிட்டால் தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். வெள்ளைக்காரன் காலத்து வீட்டில் இருப்பவர்கள், நம் வீட்டை என்ன நினைப்பார்களோ என்று அப்பாவுக்குத் தூக்கமே போயிற்று. ஷாஃப்ட்டிடம் போய், "ஞாயித்துக்கெழமை மட்டும் நீங்க எங்கயாவது போய்ட்டு வாங்களேன்" என்று கெஞ்சினார். அவர் "செரிப்பா" என்றார். அப்பா எந்தக் காதில் சொன்னார் என்பதை நாங்கள் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் தெருவில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது, ஷாஃப்ட் சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையும் சுத்தியலுமாக எங்கள் வீட்டுக்குள் வந்தார். "கடைசியா ஒரு தடவ பாத்துர்றேன்" என்று நிலையில் ஒரு தட்டுத் தட்டினார். சுத்தியல் உள்ளே போய்விட்டது. தேங்காய் நுழைகிற அளவுக்கு ஓட்டை. செம்மண் பொலபொலவென்று கொட்டியது. அவர் மண்ணைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, திரும்பி, அந்த ஓட்டையில் முதுகை வைத்துச் சாய்ந்து நின்றுகொண்டார்.

கேக் வந்தது, மிக்சர் வந்தது, காபி வந்தது. எதற்கும் அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மாப்பிள்ளையின் அப்பா, "இவரு யாருங்க?" என்று கேட்டார்.

"வேலைக்கு வந்தவருங்க. மேஸ்திரி" என்றார் அப்பா.

நான் தரையைப் பார்த்தேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர் அவர். இந்த ஒரு வார்த்தை மட்டும் அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கிறது. "ஆமாங்க, மேஸ்திரிதாங்க" என்று தலையாட்டினார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

பார்த்துப் பேசி முடித்து, மற்றவர்கள் கேட் வரை போய்விட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் பின்தங்கி, ஷாஃப்ட்டின் இடது காதருகே குனிந்து ஏதோ முணுமுணுத்தார்.

"என்னங்க?" என்று வலது காதைத் திருப்பினார் ஷாஃப்ட்.

அவர் மறுபடி முணுமுணுத்தார்.

"ஓ, உங்க வீட்லயும் கரையானா?" என்றார் ஷாஃப்ட், தெருவுக்கே கேட்கும்படி.

கேட்டுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் அம்மா அப்படியே நின்றுவிட்டார். இந்தப் பக்கம் அப்பா நின்றுவிட்டார். 'உங்க வீட்ல கரையானா' என்று கேட்டிருந்தால் மானம் போவது அவர்களுக்கு மட்டும். ஒரே ஒரு 'உம்' சேர்த்து இரண்டு வீட்டு மானத்தையும் ஷாஃப்ட் ஒன்றாக வழியனுப்பி வைத்துவிட்டார். வாசலில் யாருக்கும் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

மாப்பிள்ளையின் அப்பாதான் முதலில் வாய் திறந்தார். "ஜன்னலுக்கெல்லாம் புது பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கோம், சம்பந்தி. நீங்க வர்றப்ப தெரியக்கூடாதுன்னு."

சம்பந்தி என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா அழுதுவிட்டார். உள்ளே அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் ஷாஃப்ட் நிலையை விட்டு நகர்ந்தார். ஓட்டை எல்லோருக்கும் தெரிந்தது. அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்கச் செம்மண்ணும் கரையானுமாக இருந்தது. அத்தனை நேரமும் அது அவர் மேல்தான் ஊர்ந்திருக்கிறது.

"அப்ப மேஸ்திரிய எப்ப அனுப்பறீங்க நம்ம வீட்டுக்கு?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா.

அப்பா அதற்குள் ஷாஃப்ட்டின் முதுகிலிருந்த மண்ணைக் கையால் தட்டிவிட ஆரம்பித்திருந்தார். தலை நிமிராமல், "மேஸ்திரி இல்லீங்க. எங்க அண்ணன். வெக்கப்பட்டு மாத்திச் சொல்லிட்டேன்" என்றார்.

மண்ணெல்லாம் உதிர்ந்த பிறகும் அப்பா தட்டிக்கொண்டே இருந்தார். எங்கள் பெரியப்பாவும் திரும்பாமல், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.