பாமினியும் பதினொரு செக்கனும்

எங்கள் வீட்டிலிருந்து பாமினியைத் துரத்தியது நான்தான். அதுவும் அக்காவின் கலியாணத்துக்கு நான்கே நாள் இருக்கும்போது.

ஏதோ குடும்பப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். (முடிவில் அப்படித்தான் ஆனது, அது வேறு கதை.) பாமினி ஓர் எழுத்துரு. கணினியில் தமிழ் எழுத ஒழுங்கான வசதி வருவதற்கு முன்னர், எங்கள் ஆட்கள் கோயில் துண்டுப்பிரசுரத்திலிருந்து மரண அறிவித்தல் வரை எல்லாவற்றையும் அதில்தான் எழுதினார்கள். அதில் ஒரு வில்லங்கம் உண்டு. கருவிக்குள் பாமினி இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் அத்தனை தமிழும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். வணக்கம் என்று எழுதியது tzf;fk; என்று நிற்கும்.

இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இன்பொர்மாட்டிக், அதாவது கணினி அறிவியல், படித்துக்கொண்டிருந்தேன். எழுத்துக் குறியீடுகள் பற்றிய பாடத்தில் எனக்கு 1,3 கிடைத்திருந்தது. (ஜெர்மனியில் ஒன்றுதான் உச்சப் புள்ளி. இதை ஊரிலுள்ள உறவினர்களுக்கு விளங்கப்படுத்தவே எங்களுக்குப் பாதி ஆயுள் போய்விடும்.) தெரிந்துகொண்டே கிணற்றில் விழுந்தவர்களுக்கு என்ன பெயரோ, அதுதான் என் பெயர்.

அப்பா எசன் நகரில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிறார். ஆனால் சுற்றுவட்டாரத் தமிழ்ச் சனத்துக்கு அவர் வாழ்த்துமடல்காரர். எங்கள் கலியாணங்களில் தாலி கட்டி முடிந்ததும், மணமக்களை வாழ்த்திச் செய்யுள் மாதிரி ஒன்றை மேடையில் வாசிப்பது வழக்கம். யார் வீட்டுக் கலியாணம் என்றாலும் அதை எழுத அப்பாவிடம்தான் வருவார்கள். முப்பது வருடமாக மற்றவர்களுடைய பிள்ளைகளை வாழ்த்திவிட்டு, கடைசியில் தன் சொந்தப் பிள்ளைக்கு, சாம்பவி அக்காவுக்கு, எழுத உட்கார்ந்தார். பன்னிரண்டு பாட்டு. எட்டு மாதம். சமையலறையிலிருந்து வந்து, கைகழுவி, தேத்தண்ணியோடு மேசையில் இருந்தால் ஒரு வரி அழிப்பார், அரை வரி எழுதுவார்.

எழுதியது ஒரு பழைய டேப்லெட்டில். ஒன்பது வயது. கழற்றிப் பூட்டுகிற விசைப்பலகையோடு, பாண் வெட்டுகிற பலகையளவு தடிப்பு. அப்பா அதற்கு வைத்த பெயரும் பலகைதான். பாமினி அதற்குள்தான் குடியிருந்தாள்.

அந்தக் காலத்து நான் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுகிறேன். எந்த நிறுவனம் எந்தப் புது மொடலை விட்டாலும், அதன் வேக அட்டவணையைப் பரீட்சைக்குப் போல மனப்பாடம் செய்வேன். போன மொடலைவிட இது எத்தனை மடங்கு வேகம், எத்தனை செயலிக் கருக்கள், எத்தனை நினைவகம், எல்லாம் விரல்நுனியில் இருக்கும். அப்படி வேகமாக்கி எதைச் செய்யப்போகிறோம் என்று மட்டும் ஒருநாளும் யோசித்ததில்லை. எங்கள் வீட்டு மேசையில் ஒரு பலகை பதினொரு வினாடி எடுத்து ஒரு கோப்பைத் திறக்கிறது என்பது எனக்கு உடம்பில் ஏதோ நோய் மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்துப் பதினான்கு பக்கத்தில் விளக்கப்படம் காட்டினேன். பழையது, புதியது, சிவப்புக் கோடு, பச்சைக் கோடு. ஒரு நாளைக்கு இருபது தரம் திறந்தால் வருடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் மிச்சம் என்று கணக்கும் போட்டேன்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். மிச்சம் பிடிக்கிற அந்த நாளில் இவர் நிலக்கீழ்க் கெல்லரைத் துப்புரவாக்குவாரா?

அப்பா பலகையைத் தடவிக்கொண்டிருந்தார். "பதினொரு செக்கன் எடுக்கட்டுமே பிள்ளை. அந்த நேரத்திலை நான் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டிடுவன்."

"புதுசு அரைச் செக்கனிலை திறக்கும் அப்பா."

"அப்ப நான் எப்ப கண்ணாடி துடைக்கிறது?"

இது பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அது பாவிக்கிறவரின் தேவை என்று பாடப் புத்தகம் சொல்லும். பாடப் புத்தகத்தை யார் வாசித்தது? (1,3 எடுத்தவள்தான்.)

மூன்று கிழமை நச்சரித்ததில் அப்பா ஓம் என்றார். என் பச்சைக் கோடு வென்றுவிட்டது என்று நினைத்தேன். மகள் ஆசைப்படுகிறாளே என்று மனிதர் விட்டுக்கொடுத்திருக்கிறார்.

கடையில் பழையதைக் கொடுத்தால் புதியதில் விலை கழிப்பார்கள். கலியாணத்துக்கு நான்கு நாள் இருக்க, அப்பா உறவினர்களை ஏற்ற விமான நிலையத்துக்கும் வீட்டுக்குமாக ஓடித் திரிந்த நேரத்தில், நான் பலகையில் இருந்த கோப்புகள் எல்லாவற்றையும் பிரதி எடுத்தேன். அதைத் துடைத்து, பிறந்த குழந்தை மாதிரி வெறுமையாக்கி, கடையில் ஒப்படைத்தேன். எல்லாம் சேமித்தாயிற்றா என்று கடைக்காரர் கேட்டார். "நத்தூர்லிக்", இதென்ன கேள்வி, என்றேன். கோப்புகள் எல்லாம் வந்திருந்தன. பாமினி வரவில்லை.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். வாழ்த்துமடல் அரை வினாடியில் திறந்தது. மகிழ்ச்சியில் அரை வினாடியில் மூடினேன். நடுவில் என்ன இருந்தது என்று அந்த வேகத்தில் யாருக்குத் தெரியும்?

வழக்கமாக அப்பா ஒரு பிரதியை அச்சடித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். அதையும் நான்தான் நிறுத்தினேன். இந்தக் காலத்தில் யாராவது கடதாசியை வைத்துக்கொண்டு மேடையில் நிற்பார்களா என்று கேட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் ஸ்டுட்கார்ட் என்பதால் கலியாணமும் அங்கேதான். தொழிற்சாலைகளுக்கு நடுவில் ஒரு மண்டபம், தடித்த கொங்கிரீட் சுவர். தாலி ஏறியது. அட்சதை விழுந்தது. அறிவிப்பாளர் அண்ணை ஒலிவாங்கியில், மணமகளின் தந்தையார் தாமே இயற்றிய வாழ்த்துமடலை இப்பொழுது வாசித்தளிப்பார் என்று முழங்கினார். சனம் கதையை நிறுத்தியது. எசனிலிருந்து போனவர்கள் கதிரையை மேடைப் பக்கம் திருப்பிப் போட்டார்கள்.

அப்பா பட்டு வேட்டியோடு ஏறினார். நான் புதிய டேப்லெட்டை வாசிப்பு மேசையில் வைத்து, எல்லாரும் பார்க்கட்டும் என்று ஒரு விரலால் தட்டினேன். அப்பா கண்ணாடியை எடுக்கச் சட்டைப் பைக்குள் கை விட்டார். கை வெளியே வருமுன் கோப்பு திறந்துவிட்டது.

tzf;fk;.

அதற்குக் கீழே ஒரு பக்கம் முழுக்க அரைப்புள்ளிகள். நடுவில் தனியாக ஒரு வரியில் டொலர் குறி வேறு.

அப்பா கண்ணாடியைப் போட்டார். கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டார். பிறகு ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"பிள்ளை, இது ஆரின்ரை பாஷை?"

பார்த்த கணத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. 1,3 சும்மா வருமா? கோப்பை மூடித் திறந்தேன். அரை வினாடியில் அதே குப்பை. டேப்லெட்டை அணைத்து மறுபடி போட்டேன். விளம்பரத்தில் சொன்னதைவிட வேகமாக எழும்பி, அதே குப்பையை இன்னும் பிரகாசமாகக் காட்டியது. எழுத்துருவை இறக்கலாம் என்று கைபேசியை எடுத்தால், அந்தச் சுவருக்குள் ஒரு கோடு கூடச் சமிக்ஞை இல்லை. சேலைக் கொய்யகத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கைபேசியைத் தூக்கி, மேடையில் அங்குமிங்கும் அலைந்தேன். கலியாண வீடியோவில் இந்த இடத்தில் நான் மணமக்களுக்குத் தீபம் காட்டுவது போல இருக்கும்.

அறிவிப்பாளர் அண்ணை நிலைமையைச் சமாளிக்க, வாசலை மறித்து நிற்கும் சாம்பல் நிறக் காரை உரியவர் எடுத்துவிடும்படி கேட்டார். சனம் சிரித்தது. அக்கா மணவறையிலிருந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

மனப்பாடமாகச் சொல்லுங்கோ அப்பா என்று கெஞ்சினேன். எட்டு மாதத்தில் ஒவ்வொரு பாட்டையும் ஆறேழு விதமாக மாற்றியிருந்தார். எது கடைசி என்று தனக்கே தெரியாது என்றார். "பிழையாச் சொல்ல ஏலாது. என்ரை பிள்ளைக்குச் சொல்லுறது."

பிறகு அப்பா ஒன்று செய்தார். இரண்டு கையையும் வாசிப்பு மேசையின் விளிம்பில், விசைப்பலகையில் வைப்பது போல வைத்தார். திரையில் முதல் எழுத்தைப் பார்த்தார். ஒரு விரல் தானாக நகர்ந்து மேசையில் தட்டியது. அவருடைய வாய், "வ" என்றது.

பாமினியில் முப்பது வருடம் தட்டியவர் அவர். கண்ணுக்கு விளங்காத ஆங்கில எழுத்து எந்த விசையில் இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். அந்த விசையைத் தட்டினால் எந்தத் தமிழ் எழுத்து வரும் என்றும் விரலுக்குத் தெரியும். கண் பார்க்க, விரல் தட்ட, வாய் சொன்னது. வ. ண. க். க. ம். வணக்கம்.

முந்நூறு பேர் கேட்டுக்கொண்டிருக்க, எழுத்துக் கூட்டி வாசிக்கிற முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி என் அப்பா தன் மகளை வாழ்த்தத் தொடங்கினார். அரை வினாடிக் கருவியில் ஒரு வரிக்கு ஒரு நிமிடம். முதலாவது பாட்டு முடியும்போது பின்வரிசையில் பிள்ளைகள் ஓடத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாவதில் சமையல்காரர்கள் சோற்றுச் சட்டிகளைத் திறந்தார்கள். மூன்றாவதில் மாப்பிள்ளையின் பெரியப்பா எழும்பிக் கைகழுவப் போனார். நான் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன். மேடை பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று பார்த்தேன். ஜெர்மன் கட்டுமானம், பிளக்கவில்லை.

நாலாவது பாட்டு வந்தது. அக்காவுக்கு ஆறு வயதில், வெளிநாட்டவர் அலுவலகத்துத் தெர்மினுக்கு, அவர்கள் குறித்துத் தந்த சந்திப்பு நேரத்துக்கு, அப்பா அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவார். அவருக்கு வந்த ஜெர்மன் கடிதங்களை அவள்தான் எழுத்துக் கூட்டி வாசித்துச் சொல்லுவாள். அந்தக் கதை எங்களுக்குத் தெரியும். அப்பா அதைப் பாட்டாக்கி வைத்திருப்பார் என்று தெரியாது.

"மேசை விளிம்பில்… மூக்கு மட்டும்… தெரிய நின்று… அப்பனுக்கு வாயாகி… அந்நியரோடு… பேசியவளே…"

கைகழுவப் போனவர் வழியில் நின்றார். அப்பாவின் விரல் அடுத்த வரிக்கு, அந்த டொலர் குறி இருந்த தனி வரிக்கு, நகர்ந்தது. வேகம் குறையாமல், கூடாமல், ஒவ்வொரு எழுத்தாக ஒலிவாங்கிக்குள் சொன்னார்.

"இந்த… இடத்தில்… அழக்… கூடாது."

அது பாட்டு அல்ல. தனக்குத் தானே எழுதி வைத்த குறிப்பு. அப்பா அடைப்புக்குறி போடுகிற ஆள் இல்லை. (அந்தப் பழக்கம் எனக்கு மட்டும்தான்.) தமிழாகத் தெரிந்திருந்தால் ஒரு பார்வையில் தாண்டிப் போயிருப்பார். எழுத்தெழுத்தாக வந்ததால், சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது.

பின்வரிசையில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு முந்நூறு பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. பாதிப் பேர் சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். ஆனால் எட்டு மாதம் மேசையில் தனியாக இருந்து ஒரு மனிதர் ஒளித்து வைத்ததை, நான் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டேன். அப்பா மேசையில் வைத்த விரலை எடுக்கவில்லை. அழவும் இல்லை. எழுதி வைத்தபடி நடந்துகொண்டார்.

அக்கா மாலையோடு இறங்கி வந்து அவருடைய கையைப் பிடித்தாள். "காணும் அப்பா. மிச்சத்தை வீட்டிலை எனக்கு வாசியுங்கோ."

அறிவிப்பாளர் அண்ணை எல்லாரையும் சாப்பிட அழைத்தார். எட்டுப் பாட்டு அப்படியே நின்றது.

அன்றிரவே எசன் திரும்பினோம். அடுத்த நாள் காலை முதல் வேலையாகப் பாமினியைத் தேடிப் புதிய டேப்லெட்டுக்குள் ஏற்றினேன். இரண்டு நிமிடம் எடுத்தது. நான்கு நாளில் எந்த நேரத்திலும் செய்திருக்கக்கூடிய இரண்டு நிமிடம். தமிழ் முத்து முத்தாக வந்து நின்றது. அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக் கடைசிப் பாட்டு வரை மனதுக்குள் வாசித்தார். பிறகு என்னிடம் திருப்பித் தந்தார்.

"நல்லாத் தெரியுது பிள்ளை. ஆனா அது அந்த நேரத்துக்கு எழுதினது."

நான்கு வருடமாகிறது. அக்கா ஒவ்வொரு முறை வரும்போதும் கேட்பாள். பிறகு பார்ப்பம் என்பார். அந்தக் கோப்பு இன்றைக்கும் அரை வினாடியில் திறக்கும். மிச்சம் பிடித்துத் தருவதாக நான் சொன்ன அந்த ஒரு நாளைத்தான் எவருக்கும் கொடுக்க முடியவில்லை.

மற்றபடி எங்கள் குடும்பம் இதை வைத்து நன்றாகப் பிழைக்கிறது. நான் பரீட்சையில் கோட்டை விட்டால், வேலை கிடைக்காமல் போனால், அக்காவிடமிருந்து ஒரே ஒரு செய்தி வரும்: mof;$lhJ. அழக்கூடாது. இப்போது எனக்கு அதை வாசிக்க எந்த எழுத்துருவும் தேவையில்லை.

எனக்குப் புத்தி வந்துவிட்டது என்று எழுதத்தான் ஆசை. போன மாதம் ஒரு புது மொடல் வந்தது. இரண்டு மடங்கு வேகமாம். சாப்பாட்டு மேசையில் வாய் தவறி அதைச் சொல்லிவிட்டேன். அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கத் தொடங்கினார், மிக மெதுவாக. அம்மா அகப்பையால் சட்டி விளிம்பில் தட்டி எண்ணத் தொடங்கினார்: ஒண்டு, ரெண்டு, மூண்டு. அக்காவும் சேர்ந்துகொண்டாள். அவளுடைய மகளுக்கு இரண்டரை வயது. அவள்தான் எல்லாரையும்விடப் பெரிய சத்தம். நான் வேகம் என்ற சொல்லை எடுக்கும் ஒவ்வொரு முறையும் இதுதான் நடக்கும்.

அந்தப் பிள்ளைக்குத் தமிழில் எண்ணத் தெரியும் என்று அக்கா எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிறாள். உண்மைதான். பதினொன்று வரைக்கும். அதற்குமேல் ஓர் எண் இருக்கிறது என்று அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.