மூக்கரும் நாறும் பூவும்

கண்டி நகரில் மூக்கரைவிடத் தொல்லை பிடித்த மனிதர் இன்னொருவர் இருந்தால், அவரை என் கண்ணில் காட்டாத தெய்வத்துக்கு நன்றி. எங்கள் அலுவலகத் தலைமை இலிகிதருக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் நாங்கள்தான். யாராவது கருவாட்டுச் சம்பலோடு சோற்றுப் பார்சலைப் பிரித்தால், இரண்டு அறை தாண்டி வந்து, "வராந்தாவுல போய்ச் சாப்பிடுங்க" என்பார். கோப்பையில் முட்டை வாடை என்று ஒரே தேநீரை மூன்று முறை திருப்பி அனுப்புவார்.

கொரோனாக் காய்ச்சலில் எல்லோருக்கும் முகரும் சக்தி போனது. எங்களுக்குத் திரும்பி வந்தது, அவருக்கு வரவில்லை. அதை மறைத்து, குத்துமதிப்பாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அலுமாரிக்குப் பின்னால் எலி செத்து நாங்கள் வெளியே ஓட, அவர் மட்டும் நிம்மதியாகப் பைல் பார்த்துக்கொண்டிருந்தார். குட்டு உடைந்தது.

பேராதனைப் பூங்காவில் பிணம்போல் நாறும் அபூர்வப் பூ விரிந்திருக்கிறது என்று செய்தி வந்ததும், என் மேசைக்கு வந்தார்.

"ரெண்டு நாள்ல வாடிருமாம். லீவு போடுங்க, போவோம்."

"நான் எதுக்கு அண்ணே?"

"மணக்குதா இல்லையான்னு சொல்ல ஒரு ஆள் வேணும்ல."

மழையில், நிற்க இடமில்லாத பஸ்ஸில் போனோம். பூ ஆளுயரத்துக்கு மேல் நின்றது. சனங்கள் மூக்கைப் பொத்தியபடி படமெடுத்துவிட்டு ஓடினார்கள். மூக்கர் கயிற்றின்மேல் சாய்ந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்தார்.

"எப்படி இருக்கு?"

"செத்த எலி."

"சரியாச் சொல்லுங்க. எலியா, மீனா?"

மறுபடி முகர்ந்தேன். "எலிதான். கூடவே அழுகின கோவா இலை."

"கோவா முன்னுக்கு வருதா, பின்னுக்கா?"

ஒரு மணி நேரம் இதே விசாரணை. காவலாளி வந்து, "மாத்தயா, போதும் ஐயா" என்று கெஞ்சினார். நான் ஒரு மரத்தடிக்குப் போய் வாந்தி எடுத்தேன். மூக்கர் வந்து என் முதுகைத் தடவினார்.

"எனக்கு ஒண்ணுமே வரல தம்பி. வீட்டுல தனியா இருக்கேன். காஸ் கசிஞ்சாலும் தெரியாது."

அவரைத் திட்ட வைத்திருந்ததையெல்லாம் விழுங்கிவிட்டேன்.

இப்போது ஓய்வுபெற்று வத்தேகமையில் இருக்கிறார். ஞாயிறுதோறும் போய் காஸ் சிலிண்டர், பால், முந்தின நாள் குழம்பு எல்லாவற்றையும் முகர்ந்து சொல்கிறேன். நம்பமாட்டார், இரண்டாம் முறையும் முகரச் சொல்வார். ஏன் வந்தேன் என்று கேட்டால், "இந்தப் பக்கமாப் போனேன், அப்படியே எட்டிப் பார்த்தேன்" என்பேன்.

என் வீடு நேரெதிர்த் திசையில், கம்பளையில் இருக்கிறது.