தூங்கிய செடியும் தும்மிய அரசாங்கமும்

இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கொல்லையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஏதோ தும்மியது. ஆட்டுத் தும்மல் இல்லை. தும்மிவிட்டு மூக்கை உறிஞ்சுகிற தும்மல்.

ரோசலியா கைக்குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். புருஷன் சுரங்க வேலையில். மாதக் கடைசியில்தான் வருவான்.

"யாரது?"

"யாரும் இல்லம்மா. அரசாங்கம்தான்."

தாவரப் பாதுகாப்பு அதிகாரி ஃபூரி எழுந்து நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

எல்லாவற்றுக்கும் காரணம் கால்விரல் செடி. தென்னாப்பிரிக்காவின் நாமக்வாலாந்து மலையில், கல்லிடுக்கில், பட்டாணி அளவில் கிடக்கும் சதைப்பற்றுச் செடி. கடல் கடந்த சீமைகளில் அதை அலமாரியில் வைத்துக்கொள்வது இப்போது நாகரிகம். விதை போட்டு வளர்த்தது என்றால் முகம் சுளிப்பார்கள். மலையிலிருந்து பிடுங்கிய காயம் தெரிந்தால்தான் கௌரவம். ஆகவே திருடர்கள் மலையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க, வீட்டுக்கு வீடு விதை வழங்கும் மகத்தான திட்டத்தை அலுவலகம் தொடங்கிவைத்தது. உரைகள் நீண்டன, காற்றும் அடித்தது. தூசு போன்ற விதையில் பெரும்பகுதி மேடையிலேயே பறந்துபோனது. மிச்சத்தைத் தட்டுகளில் மணல் பரப்பித் தூவி, ஈரம் காட்டி, மூன்று குளிர்காலம் காத்து வளர்த்தவள் ரோசலியா ஒருத்திதான்.

ஃபூரி கோடையில் ஆய்வுக்கு வந்தார். செடிகள் கோடை வழக்கப்படி காய்ந்த தோலைப் போர்த்திக் கிடந்தன.

"செத்துப்போச்சு."

"தூங்குது சார். ஈரம் பட்டா எந்திரிச்சிரும்."

"செடி தூங்கலாம்னு சட்டத்துல எங்கயும் இல்லம்மா."

தொப்பியைக் கழற்றிச் சிறிது நேரம் மௌனம் காத்தார். பிறகு, தமக்கு வழங்கப்பட்ட அதிகாரத்தின்படி, அத்தனையும் காலமாகிவிட்டதாக அறிவித்தார்.

குளிர்காலத்தின் முதல் மழையில் தோல் வெடித்துப் பச்சை எட்டிப்பார்த்தது. பக்கத்து வீட்டு சன்னா அக்கா அதை ஊர் பூராவும் சொன்னாள். ஃபூரி பறந்து வந்தார்.

"இது வேற செடி."

"அதே செடிதான் சார்!"

"அது செத்துருச்சுன்னு அரசாங்கம் சொல்லியாச்சு. அரசாங்கம் சொல்லிச் செத்தது பிழைக்காது. அப்ப இது மலையில திருடுனது. ராத்திரில மாத்தி வச்சிருக்க. நீ ஜெயிலுக்குப் போனா புள்ளைய யாரு பாப்பா?"

கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். பெரியவர்கள் அதட்டினால் எழுந்து நிற்கத்தான் தெரியும். நின்றாள். ஃபூரி இரக்கம் காட்டினார். ஜெயில் வேண்டாம், கண்காணிப்பு போதும். செடித் தட்டுகள் அடுக்களை ஜன்னலோரம் இருக்க வேண்டும். ஆய்வு எந்நேரமும் வரலாம் என்பதால் கதவைத் தாழிடக் கூடாது.

அன்றிலிருந்து அவள் கதவுக்கு முட்டுக்கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறாள். இன்று, தொட்டிக்குப் பின்னால் எழுந்து நின்றவரிடம் கேட்டே விட்டாள்.

"சார், தாழ்ப்பாள் மட்டும் போட்டுக்கிறேனே. பயமா இருக்கு."

"என்ன பயம்? அதான் வெளியே நான் இருக்கேனே."

"அதனாலதான் சார்."

அப்போது மலைப்பாதையில் விளக்கில்லாமல் ஒரு லாரி ஏறியது.

"சார், லாரி!"

"கவனத்தைத் திருப்பப் பாக்காத. எனக்கு இந்தச் செடிதான் முக்கியம்."

விடியும் நேரத்தில் லாரி பாரத்தோடு இறங்கியது. டிரைவர் நெடுஞ்சாலைக்கு வழி கேட்டான். ஃபூரி டார்ச் அடித்து வழி காட்டினார். "ரொம்ப நன்றி சார்," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

பொழுது விடிந்து பார்த்தால் மலை மொட்டை.

அலுவலகம் அதிர்ந்தது, கூடியது, தேநீர் அருந்தியது, முடிவெடுத்தது. அந்த மலையின் கால்விரல் செடி இனி ரோசலியா வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே அது திருட்டுச் சொத்து அல்ல, தேசத்தின் சொத்து. இரவும் பகலும் தாழிட்ட கதவுக்குள் காக்கப்பட வேண்டும்.

ஊரே கூடிக் கைதட்டியது. "தாழ்ப்பாள் தாழ்ப்பாள்னு அழுதியே, கெடச்சிருச்சு பாரு. உன் வீட்டுக்கு யோகம்தான் போ!" என்றாள் சன்னா அக்கா, எல்லோரையும்விடப் பலமாகத் தட்டி. ரோசலியாவும் குழந்தையின் கையைப் பிடித்துத் தட்டவைத்தாள்.

கூட்டம் கலைந்தது. ஃபூரி காவலுக்கென்று மெத்தை தலையணையோடு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே குழந்தைக்குக் குளிர் தாங்கவில்லை. ரோசலியா போய்க் கதவைத் தட்டினாள்.

"யாரது?"

"யாரும் இல்ல சார். வீட்டுக்காரிதான்."

உள்ளே ஒரு தும்மல். அதன் பிறகு, அவள் இத்தனை நாள் கேட்க ஏங்கிய சத்தம்: தாழ்ப்பாள் விழுந்தது.