மூன்று மாதமாகத் திறக்காதவை

தூக்கிப் போடுவதில் எனக்கு ஒரு காலத்தில் அபார ருசி இருந்தது. காலாவதியான மாத்திரை, மூடி தொலைந்த டிபன் பாக்ஸ், கல்யாணத்துக்கு வந்து குவிந்த சுவர்க்கடிகாரங்கள், எது கண்ணில் பட்டாலும் போச்சு. (நான் துடைப்பத்தோடு வந்தால் என் கணவர் வேலு காலைக் கட்டில்மேல் தூக்கிக்கொள்வார். மரியாதையால் அல்ல, பயத்தால்.) இப்படிப்பட்டவளிடம் ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்கள் அத்தனையையும் ஒப்படைத்தால் என்ன ஆகும்?

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு. எந்தக் கம்ப்யூட்டரில் எந்த சாஃப்ட்வேரைப் போடுவது, எதற்கு அப்டேட் தருவது, எதை எடுப்பது, எல்லாம் என் மேஜையிலிருந்தே. எழுந்து நடக்கக்கூட வேண்டாம். வெளியே எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஜன்னலில் படிந்துகொண்டிருக்கும். உள்ளே ஏசி குளிரில் நான் ஆண்டவன் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருப்பேன். படைத்தல், காத்தல், அழித்தல். மூன்றாவதில்தான் மனம் லயித்தது.

அந்த வருஷம் தலைமை அலுவலகம் உத்தரவிட்டது: வேண்டாத சாஃப்ட்வேரையெல்லாம் எடு. எது வேண்டாதது? நான் ஒரு விதி எழுதினேன். மூன்று மாதமாக யாரும் திறக்காதது எதுவோ, அது வேண்டாதது. எழுதிவிட்டு நானே வாய்விட்டுப் படித்து ரசித்தேன். கவிதை மாதிரி இருந்தது. முதலில் சில கம்ப்யூட்டர்களில் மட்டும் சோதிப்பது வழக்கம். மனிதவளப் பிரிவில் சோதித்தேன். ஒரு சீட்டாட்டம் போனது, இரண்டு பேர் கண்கலங்கினார்கள், வேறு சேதமில்லை. வெற்றி என்று முடிவுகட்டினேன்.

கேட் கம்ப்யூட்டரில் சோதித்திருக்க வேண்டும். எடைமேடைக்குப் பக்கத்துக் கூண்டில், சாம்பல் படியாமல் பழைய புடவைத் துணி போர்த்திக்கொண்டு அது உட்கார்ந்திருக்கும். பெட்டிகளை (கன்டெய்னரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) எடைபோட்டுச் சீட்டு அடித்துத் தருவது அதுதான். அந்தச் சீட்டில்லாமல் எந்தப் பெட்டியும் துறைமுகத்துக்குள் போக முடியாது. கேட் பொறுப்பாளர் துரை அண்ணன் அதை அணைப்பதே இல்லை. எப்போதோ அணைத்த அன்று கிரேன் கயிறு அறுந்ததாம். அதிலிருந்து ஆயுத பூஜைக்குக்கூட ஓடவிட்டபடியேதான் பொட்டு வைப்பார். என் அப்டேட்டுகள் 'ரீஸ்டார்ட் செய்யலாமா?' என்று கெஞ்சும். 'பிறகு' என்று தட்டிவிடுவார்.

"அண்ணே, ஒரே ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"ஓடிக்கினு கீறத இன்னாத்துக்கும்மா நிறுத்தணும்? உன் வூட்டுக்காரரை நீ அப்டிதான் ஆஃப் பண்ணி ஆன் பண்றியா?"

சுருக்கென்றது. இந்த முறை, என் விதியை அனுப்பத் தயார்செய்தபோது, 'பிறகு' என்ற பொத்தானையே எடுத்துவிட்டேன்.

வேலு அப்போது டிரெய்லர் டிரைவர். வண்டி வேறொருவருடையது. முந்தின மாதம் ஒரு பெட்டி நேரத்துக்குப் போய்ச் சேராமல் கப்பல் கிளம்பிவிட்டது. "இன்னொரு கப்பலை வுட்டியோ, சாவிய வெச்சுட்டுப் போய்கினே இரு," என்று முதலாளி சொல்லியிருந்தார். நான் விதியை ஏவவிருந்த அன்றைக்கும் வேலுவுக்குப் பிடிக்க வேண்டிய கப்பல் ஒன்று இருந்தது. எங்கள் யார்டில் எடைபோட்டு, சாயங்காலத்துக்குள் எண்ணூர் துறைமுகத்தில் பெட்டியை இறக்க வேண்டும். டீகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

மதியச் சாப்பாட்டு வேளையில், எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் விதியை ஏவும் பொத்தானை அழுத்தினேன். திரை முழுக்க 'முடிந்தது' என்ற குறி பச்சைப் பச்சையாக, கால்வாயில் ஆகாயத்தாமரை படர்வதுபோல் படர்ந்தது. தயிர்சாதம் அமிர்தமாக இறங்கியது.

கேட்டில் எடை சாஃப்ட்வேர் மாயமாகிவிட்டது. யாரும் அதை மூடியதே இல்லை. அதனால் யாரும் அதைத் திறந்ததும் இல்லை. இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றை, யாருமே சீண்டாதது என்று என் கவிதை தூக்கி எறிந்துவிட்டது.

திரும்பப் போட ஆள் வேண்டுமே? அதைச் செய்து கொடுத்த நிறுவனம் மூடிப் பல காலம். எழுதியவர் கோயம்புத்தூரில் ஒரு கிரகப்பிரவேசத்தில் இருந்தார். நாதஸ்வரத்துக்கு நடுவே, "சாப்பிட்டுட்டுக் கூப்பிடறனுங்க மேடம்," என்றார். அவர் பாயசத்துக்கு வருவதற்குள் டிரெய்லர் வரிசை கேட்டைத் தாண்டி, சாலையைத் தாண்டி, என் கற்பனையையும் தாண்டிப் போயிருந்தது. அப்போதுதான் வேலுவின் போன்.

"இன்னாமே, உங்க கேட்டு படுத்துகினு கீது! எவனோ கம்ப்யூட்டர்காரன் எதையோ புடுங்கிட்டானாம். கஸ்மாலம்! கையில கெடைச்சான்…"

பின்னால் மற்ற டிரைவர்கள் அந்தக் கஸ்மாலத்தின் பரம்பரைக்கே அர்ச்சனை செய்துகொண்டிருந்தார்கள்.

"சாத்தாங்காட்டு இரும்புக்கடைங்கள்ல எடைமேடை இருக்குமே, அங்க போய்…"

"எப்டி போறது? முன்னால வண்டி, பின்னால வண்டி. இது இன்னா சைக்கிளா, தூக்கித் திருப்ப? ஆமா, யாரு அவன்? உனுக்குத் தெரியுமா?"

"ஆபீஸ்ல நிறைய பேர் இருக்காங்க," என்றேன்.

"பேரை மட்டும் கேட்டு வையி."

அந்தச் சிரமத்தைத் துரை அண்ணன் எனக்கு வைக்கவில்லை. வரிசை நெடுக நடந்து டிரைவர்களைச் சமாதானப்படுத்திக்கொண்டே வந்தவர், வேலுவின் ஜன்னலருகே நின்று, "உன் வூட்டம்மாதான் நைனா," என்றாராம். பக்கத்து வண்டிக்காரர் ஹாரனை அடித்து அடித்துச் சிரித்தாராம். வேலு மட்டும் என்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாராம்.

எடை சாஃப்ட்வேர் திரும்பி வந்தபோது வெயில் போய்விட்டது. கப்பலும் போய்விட்டது. சாவியை வைத்துவிட்டு வேலு வீடு வந்தார். அடி விழும் என்றே நின்றேன். கைகால் கழுவிக்கொண்டு, "சோறு கீதா?" என்றார். அடித்திருக்கலாம்.

பிறகு எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது: வேண்டாத சாஃப்ட்வேரே இல்லாத கிளை! லேமினேஷன் வேறு. என் விதிப்படி மூன்று மாதம் காத்திருக்காமல் அன்றே குப்பையில் போட்டேன். கப்பலை விட்டவர் என்று பேராகிவிட்டதால் வேலுவுக்கு வேறு யாரும் டிரெய்லர் தரவில்லை. இப்போது கொடுங்கையூருக்குக் குப்பை லாரி ஓட்டுகிறார். "நீ தூக்கிப் போடு, நான் அள்றேன். ஜோடின்னா இதான் ஜோடி," என்று சொந்தக்காரர்கள் நடுவில் சொல்லிச் சிரிப்பார். டிரெய்லர்கள் போகும் சாலைப்பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அசையாமல் படுத்திருப்பார். நான் துடைப்பத்தோடு அருகில் போனால், இப்போது காலைத் தூக்குவதில்லை. கண்ணைத் திறக்காமலே சொல்வார்:

"ஓடிக்கினுதான் கீறேன். தூக்கிடாதே."

எங்கள் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரித்துக்கொண்டே, அவரைச் சுற்றிப் பெருக்குவேன்.