தட்டிப் பார்க்கிறவர்

பதினான்கு. இந்த எண்ணை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். கள்ளிக்குப்பத்தில் ஒரே ஒரு தெருவில், ஒரே ஒரு மனிதரின் நடுவிரல் முட்டியால், வாங்கப்படாமலே போன கார்களின் எண்ணிக்கை அது.

மனிதரின் பெயர் பரந்தாமன். இனத்தின் பெயர் தட்டிப் பார்க்கிறவர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். புது வண்டி வந்து நின்று, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கி, கற்பூரம் அணைவதற்குள், யாரும் கூப்பிடாமலேயே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, பானட்டில் இரண்டு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்து, கண்ணை மூடி, நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி உதட்டைப் பிதுக்குவாரே, அவரேதான். வண்டிக்காரர் தானும் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். அந்தத் தட்டுதான் இவருக்குச் சம்பளம்.

"இன்னாபா இது, பிஸ்கோத்து டின்னு மாரி கீது?"

தீர்ப்பு முடிந்தது. மேல்முறையீடு கிடையாது.

பரந்தாமனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. முப்பத்து மூன்று வருஷம் ஆவடியில் ராணுவ டாங்கி செய்கிற ஆலையில் ஃபிட்டர். பீரங்கிக் குண்டு தாங்கும் இரும்பைத் தட்டித் தட்டிக் காய்த்துப்போன முட்டி. அதற்கு எந்தக் கார் திருப்தி தரும்? டாங்கியோடு ஒப்பிட்டால் காரை விடுங்கள், கள்ளிக்குப்பத்தில் பாதி வீடு பிஸ்கோத்து டின்தான்.

எதிர்வீட்டு நாகப்பன் மூன்று வருஷமாகக் கார் பார்க்கிறார். பார்த்த ஒவ்வொன்றையும் பரந்தாமனிடம் காட்டுகிறார். பரந்தாமன் ஒவ்வொன்றிலும் உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்கிறார். ஆகவே நாகப்பன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு டிபன் கேரியர் ஆகிய அனைவரும் இன்றைக்கும் ஒரே பைக்கில் போகிறார்கள். பாதுகாப்பான கார் கிடைக்கிற வரைக்கும்.

புது வண்டியில் அவருக்கு ஆகாதது என்ன என்று கேட்காதீர்கள். ஆகிறது என்ன என்று கேளுங்கள், பதில் சீக்கிரம் முடியும்.

"கூரைல ஓட்ட போட்டு உட்டுகீறான். ஆவடி வெயில்ல இன்னாத்துக்கு மாமே, வடாம் காயப்போடவா? பெல்ட்டு போடலன்னா குய்யோ முய்யோன்னு கத்துது, என் பொண்டாட்டியே இந்தக் கத்து கத்தினதில்ல. இடிச்சா மூஞ்சில பலூன் வெடிக்குமாம். இன்னா, பொறந்த நாளா?"

பழைய வண்டி என்றால் குரலே குழைந்துவிடும். ஒரு காலத்தில், மூன்று கை மாறி வந்த கார் ஒன்று வைத்திருந்தார்.

"பெட்ரோல் டாங்கில ஓட்ட. துணி சோப்ப வெச்சி அடச்சிகினு திருப்பதி போய்ட்டு வந்தேன்! இப்போத்தி வண்டில முடியுமா?"

முடியாதுதான். சோப்பு வைக்க ஓட்டை வேண்டுமே. ஆனால் இதை அவரிடம் சொல்ல யாருக்குத் தைரியம்?

ஒருத்திக்கு இருந்தது. மகள் அகல்யா. ஐயப்பன்தாங்கல் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்று பஸ் மாறி மாறி அலுத்துப்போய், போன தை மாசம், அப்பாவைக் கேட்காமல் ஒரு சின்னக் கார் வாங்கிவிட்டாள். வாங்குவதற்கு முன் அந்த முட்டியிலிருந்து தப்பித்த முதல் கார். அவளுக்கு ஒரே ஓர் ஆசை. அப்பா முன்சீட்டில் உட்கார வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட் வரைக்கும் ஒரு சுற்று, அவ்வளவுதான்.

"நைனா, ஏறி குந்து."

தட்டினார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"டின்னுமா. நான் ஏற மாட்டேன்."

"உன்ன தட்டவா கூப்ட்டேன்? குந்தத்தான கூப்ட்டேன்?"

"எனக்கு உசுரு மேல ஆச கீது."

ஆறு மாசம் அந்த முன்சீட்டில் அவளுடைய சாப்பாட்டுப் பைதான் உட்கார்ந்து போனது.

ஆடியில் ஒருநாள், பூந்தமல்லி சிக்னலில் நின்றுகொண்டிருந்த அவள் வண்டியைப் பின்னால் வந்த தண்ணி லாரி இடித்து, முன்னால் நின்ற பஸ்ஸில் கொண்டுபோய்ச் சொருகியது. அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"நைனா, லாரிக்காரன் இடிச்சிட்டான்."

"ஐயோ! வண்டி இன்னா ஆச்சி?"

"நான் நல்லாத்தான் கீறேன். கேட்டதுக்கு ரொம்ப தேங்ஸ்."

வண்டியைப் பக்கத்திலிருந்த, பரந்தாமனுக்குப் பழக்கமான கலீலுல்லாவின் டிங்கரிங் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். பரந்தாமன் ஆட்டோ பிடித்து ஓடினார். முன்பக்கம் அப்பளம். பின்பக்கமும் அப்பளம். அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்ததைத் துக்கம் என்று எழுத எனக்கும் ஆசைதான். பொய் எழுதக் கூடாது. வெற்றி.

"பாத்தியா கலீலு! அப்பவே சொன்னேன்ல? டின்னு!"

கலீலுல்லா கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டார். "டிரைவர் பக்கத்துக் கதவத் தொற அண்ணாத்தே."

பரந்தாமன் ஒரு கையால் இழுத்தார். திறந்தது. உள்ளே சீட்டு, இருந்த இடத்தில் இருந்தது.

"முன்னயும் பின்னயும் நசுங்கணும்னேதான் செஞ்சிகீறான். இடிய அது வாங்கிக்கினா உள்ள வராது. நீ சொல்ற கெட்டி வண்டி நசுங்காது, வாஸ்தவம். அப்போ இடி எங்க போவும்? உள்ள குந்தினுகீற ஆளு மேல. உனுக்கு எது நசுங்கணும், சொல்லு."

பட்டறை வாசலில் ஸ்டூலில் அகல்யா உட்கார்ந்திருந்தாள். கையில் டீ. ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். பரந்தாமன் அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தார், பிறகு நசுங்கிய முன்பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் என்ன செய்தார் என்கிறீர்கள்? வண்டியின் கதவை ஒட்டிய இரும்புத் தூணை முட்டியால் தட்டினார். டொக். காதைச் சாய்த்தார்.

"இந்த எடத்துல மட்டும் பழைய காலத்து இரும்பு போட்டுகீறான்."

தோற்றதை இந்த இனம் இப்படித்தான் ஒத்துக்கொள்ளும். இதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

சொல்லிவிட்டுச் சுற்றி வந்து, மடங்கியிருந்த கதவை இழுத்து நெம்பி, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அகல்யா டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஓடாத வண்டினாத்தான் ஏறுவியா நைனா?"

அவர் இரண்டு பக்கமும் கையை விட்டுத் துழாவினார். "பெல்ட்டு எங்கமா கீது?"

சிரித்துவிட்டீர்களா? சிரியுங்கள். அப்படியே, இந்த வருஷம் உங்கள் வீட்டுக்கு வந்த புது மிக்ஸி, புது மருந்து, புது மருமகள், இதில் எதையெல்லாம் தட்டிப் பார்த்து டின் என்றீர்கள் என்றும், நாளைக்கு உங்களுக்கு இப்படி ஒரு போன் வந்தால் வாயில் முதலில் வரப்போகிற கேள்வி எது என்றும் கொஞ்சம் யோசித்து வையுங்கள்.

அகல்யாவுக்குப் போட்ட தையல்: பூஜ்யம்.