போர்வைக்குள் போன வேகம்

ஜன்னல் கம்பிகளில் இறுக்கிக் கட்டிய போர்வையில் பட்டுத் துள்ளிய முதல் முட்டை, தரையில் விழுந்து உடைந்தது.

சீனிவாசராகவன் மகளைப் பார்த்தார். நிருபமா வாசலைப் பார்த்தாள். மல்லேஸ்வரத்தில் அவர்களுடையது ஆசாரமான ஐயங்கார் வீடு. மனைவி பாமா பஜனைக்குப் போயிருந்தாள்.

"அம்மா வந்தா?"

"வர்றதுக்குள்ள முடிச்சுடலாம். துணி எடு."

மறுநாள் அவருடைய பௌதிக வகுப்பைப் பார்க்கப் பள்ளி நிர்வாகக் குழு வருகிறது. பச்சை முட்டையை முழு வேகத்தில் எறிந்து, உடையாமல் நிறுத்திக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். காட்டினால் வேலை நிரந்தரம். யார் சட்டையிலாவது வழிந்தால் வீடு வீடாக டியூஷன்தான். அவரோ பிறந்தது முதல் முட்டையைத் தொட்டதில்லை. தெரிந்தவர்கள் கண்ணில் படாமலிருக்க சிவாஜிநகர் வரை ஸ்கூட்டரில் போய் வாங்கி, ஹெல்மெட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

துடைத்ததில் நாற்றம் கூடம் முழுக்கப் பரவியது. ஊதுபத்தி ஏற்றினார். போதாமல் ஒரு கட்டு முழுவதையும் கொளுத்தினார்.

"முடிச்சை அவுத்துடலாம்ப்பா. இறுக்கமா இருந்தா அதுவும் சுவர்தானே?"

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த வேலைக்காரம்மா லட்சுமம்மாவைக் கூப்பிட்டு, போர்வையின் ஒரு பக்கத்தைத் தளர்வாகப் பிடிக்கச் சொன்னார். மறுபக்கம் நிருபமா. இரண்டாவது முட்டை போர்வையில் பட்டு அமைதியாக நின்றது. பிறகு சறுக்கி, பாமா கோலம் போட்டு வைத்திருந்த மணையில் உடைந்தது.

அதற்குள் ஊதுபத்திப் புகை தெருவுக்குப் போய்விட்டது. எதிர்வீட்டார் சொல்லி பாமா ஓடி வந்தாள்.

"ஏன்னா, ஆத்துல தீப்பிடிச்சுடுத்தா?"

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கையில என்ன?"

"உந்தம்."

"முட்டைன்னு சொல்லுங்கோ."

"நிறையையும் வேகத்தையும் பெருக்கினா உந்தம். அது எப்படியும் பூஜ்யமாகணும். சுவர் சட்டுனு நிறுத்திடும், அதனால அடி பலம். துணி மெதுவா நிறுத்தும், அடி குறைச்சல். உடையாது."

"இதுவரைக்கும்?"

"ரெண்டும் உடைஞ்சுடுத்து."

பாமா மணையைப் பார்த்தாள். கணவரின் முகத்தையும் பார்த்தாள். "போர்வையோட கீழ் ஓரத்தை மடிச்சுத் தூக்கிப் பிடிங்கோ. தொட்டில் மாதிரி. அதைக் குடுங்கோ இப்படி."

மூவரும் பிடித்தார்கள். மிச்சமிருந்த ஒரே முட்டையை பாமா பதமாக விரல்களுக்குள் வாங்கி, அத்தனை கோபத்தையும் சேர்த்து எறிந்தாள்.

சத்தமே இல்லை. அந்த வெள்ளைப் புள்ளியைச் சுற்றிப் போர்வை முழுதும் மூச்சு இழுப்பதுபோல் உள்வாங்கியது. முட்டை நின்றது. வழுக்கி மடிப்புக்குள் வந்து படுத்துக்கொண்டது.

அந்தச் சமன்பாட்டை எத்தனையோ வருஷம் கரும்பலகையில் எழுதியவர், அது நடப்பதை இன்றுதான் பார்த்தார். முட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். மயிரிழைக் கீறல் இல்லை.

"இன்னொரு தடவை, பாமா."

இன்னும் வேகமாக எறிந்தாள். மறுபடியும் அதே அமைதி.

"அவ்வளவு வேகமும் எங்கேன்னா போச்சு?" அவள் குரல் தணிந்திருந்தது.

"துணிக்கு வந்தது. துணியிலேர்ந்து எங்க கைக்கு. கால் வழியா பூமிக்கு. பூமியே துளி அசைஞ்சிருக்கும்."

பாமா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நிருபமா தன் பாதங்களைப் பார்த்தாள்.

லட்சுமம்மா போர்வையை மடித்துக்கொண்டே நிம்மதியாகச் சொன்னாள்:

"அம்மா, முட்டைதான் வூட்டுக்குள்ளயே வந்துட்ச்சே, இனிமே உங்க ஆம்லெட்டை இங்கயே போட்டுர்றேன், தெனமும் எங்க வூட்லேருந்து மறைச்சி எத்தினு வர்றதுக்குள்ள ஆறிப்போவுது."