தண்ணீருக்குப் பின்னால் நடந்த கோணி சார்

ஷாலினி, தினேஷ், ரெண்டு பேரும் கேளுங்கள். அப்பா பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. பொக்லைன் ஓட்டத் தெரியும், பேனா பிடித்தால்தான் கை வலிக்கும். ஆனாலும் இதை எழுதியே ஆக வேண்டும். சத்துவாச்சாரியிலிருந்து ஆம்பூர் வரை எத்தனையோ சைட்டில் மண் வெட்டியிருக்கிறேன். மழையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஒரு கட்டட ஆள் கோணி சார்தான். தூறல் விழுந்தால் நாங்கள் தகரக் கொட்டகைக்குள் ஓடுவோம். அவர் கொட்டகையிலிருந்து வெளியே ஓடுவார். வாசலில் அவரும் நாங்களும் முட்டிக்கொள்வோம்.

ஆம்பூருக்கு வெளியே மலைச்சரிவை வெட்டி, ஒரு ஷூ கம்பெனிக்குப் புது ஷெட் கட்டிக்கொண்டிருந்தோம். மலைக்குத் தோலை உரித்த மாதிரி ஆக்கியிருந்தேன். புல் பூண்டு இல்லாத வெறும் செம்மண். அடிவாரத்தில் ஒரு தெரு. மழை பெய்தால் மண் கரைந்து அந்த வீடுகளுக்குள் போய்விடக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. மண் அரிப்புத் தடுப்பு என்று தொடங்கும் அவர் பதவியை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். எந்நேரமும் "கோணி எங்க, கோணி எங்க" என்று கேட்டதால் கோணி சார் ஆகிவிட்டார்.

பாகாயத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். வந்ததும் சரிவின் உச்சியில் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றுவார். அவிழ்த்துவிட்ட மாட்டுக்குப் பின்னால் போகிற மாதிரி, அதன் பின்னாலேயே நடந்து இறங்குவார். "எங்க போற? அந்தப் பக்கம் இன்னா வேலை உனக்கு?" என்று தண்ணீரோடு பேச்சு வேறு. அது போன வழியில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மண் ரொப்பிய கோணிகளைக் குறுக்கே அடுக்கச் சொல்வார்.

ஒருநாள் அந்தத் தண்ணீர் நேராக டீக்கடை விஜயாக்காவின் அடுப்புக்குள் போனது.

"இன்னா சார் இது! காலங்காத்தால அடுப்ப அணைச்சிட்டியே!"

"நான் அணைக்கலம்மா. ஐப்பசியில வந்து அணைப்பேன்னு இப்பவே சொல்லிட்டுப் போவுது. கடைய நாலடி தள்ளிப் போடு."

"ஒரு பக்கெட் தண்ணிக்கு நான் கடைய தூக்கணுமா? நீ பக்கெட்ட தூக்கினு போ சார்!"

மறுநாள் கடை நாலடி தள்ளியிருந்தது. அந்த உரிமையில் சார் ஓசி டீ கேட்டார். கிடைக்கவில்லை.

பிறகு சரிவு முழுக்கக் கொள்ளு விதைத்தார். வேர் பிடித்தால் மண் நிற்குமாம். முளை விட்ட அன்றே தெருவிலிருந்த ஆடுகள் அத்தனையும் மேலே ஏறிவிட்டன. சார் விசில் ஊதினார். ஆடுகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன. ஆட்டுக்காரரான கரீம் பாயிடம் சார் போய் நின்றார்.

"பாய், உங்க ஆடு என் சரிவத் தின்னுது."

"மலை மேல போயி தீனி போட்டது நீங்க. இப்ப ஆட்ட கொற சொன்னா எப்டி சார்?"

சார் யோசித்தார். ஆடுகளுக்கென்றே அடிவாரத்தில் தனியாக ஒரு பாத்தி விதைத்தார். ஆடுகள் முதலில் அதை முடித்துவிட்டு, பிறகு மேலே ஏறின.

இந்தச் சிரிப்பெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். அப்புறம் அலுப்பு வந்துவிட்டது. அவருடைய கோணி வரிசையால் டிப்பர் லாரிகள் மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

"சார், ஆறு கோணிய நவுத்தினா போதும். நேரா எறங்கிடலாம்" என்றேன்.

"தண்ணியும் அதயேதான் தம்பி கேக்குது."

ஒரு சனிக்கிழமை. சரிவில் மண்ணை மூடத் தேங்காய் நார் விரிப்பு வாங்க சார் வேலூருக்குப் போயிருந்தார். எனக்கு வாரம் முழுக்க ஓவர்டைம். முதுகு விட்டுப்போயிருந்தது. டிப்பர் டிரைவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. சாயந்திரம் திரும்ப வைத்துவிடலாம் என்று, அந்த ஆறு கோணியைப் பொக்லைனால் ஒதுக்கித் தள்ளினேன்.

மூணு மணிக்கு மழை கொட்டியது. மலை மேல் பெய்த தண்ணீர் அத்தனையும் அந்த ஒரு இடைவெளியைக் கண்டுபிடித்தது.

தெருவின் முதல் வீடு பர்வீனுடையது. ஷூவின் மேல்பாகத் தோல்களைக் கம்பெனியில் வாங்கிவந்து வீட்டில் கையால் தைத்துக் கொடுக்கிற பெண். தைத்து முடித்த ஒரு மூட்டை தரையில் இருந்தது. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது, மூட்டை பாதி சேற்றுக்குள்.

"எல்லாம் போச்சிண்ணா. ஒரு மூட்டை கெட்டா அப்புறம் எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

நான் குனிந்து மூட்டையைச் சேற்றிலிருந்து இழுத்தேன். அப்போது பஸ்ஸிலிருந்து இறங்கி, நனைந்துகொண்டே சார் வந்தார். தெருவில் ஓடிய சிவப்புத் தண்ணீரைப் பார்த்தார். நேராக மலைக்கு ஏறினார். சீக்கிரமே இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார். பர்வீன் வீட்டுக்குள் போய்த் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தோலாகத் துடைக்க ஆரம்பித்தார். அவசரத்தில் ஒன்றை அடுப்போரம் சாய்த்து வைத்தார்.

"ஐயோ சார்! சூட்டுல வெச்சா தோலு வெறைச்சிக்கும். நெழல்லதான் காயணும்!"

"சரிம்மா, சரிம்மா" என்று பயந்த மாதிரி எடுத்துக்கொண்டார். அந்த அழுகையிலும் பர்வீன் சிரித்துவிட்டாள். இருட்டும் வரை மூணு பேரும் துடைத்தோம். முக்கால்வாசி தேறியது.

சைட் இன்ஜினியர் வந்தார். "யார் தப்பு இது?"

"என்னுதுதான்" என்றார் சார். "சைட்ட விட்டுட்டு போயிருக்கக் கூடாது. மொதல்ல கம்பெனிக்கு போன் போட்டு, இந்தம்மா மேல தப்பில்லன்னு சொல்லுங்க."

இன்ஜினியர் அங்கேயே போன் பண்ணினார். பர்வீனுக்கு வேலை தொடரும் என்று சொன்னார்கள். பிறகு சாரைப் பார்த்து, "திங்கக்கெழமையிலேர்ந்து நீங்க வர வேணாம்" என்றார்.

அந்த நேரத்தில் உங்கள் ரெண்டு பேர் முகமும் ஞாபகம் வந்ததால்தான் பேசாமல் இருந்தேன் என்று எழுதலாம். அது பொய். பயம். அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். அவர்தான் பேசினார்.

"ஒடம்பு முடியலன்னா மெஷின விட்டு எறங்கிடு தம்பி. முடியாதவன ஓட்டச் சொன்னது அவங்க தப்பு." பஸ் வந்தது. பை நிறைய நார் விரிப்போடு ஏறிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சைட்டுக்குப் போனேன். யாரும் இல்லை. ஆபீஸ் ரூம் மேஜையில் சைட் டைரி இருந்தது. சனிக்கிழமைப் பக்கத்தைப் புரட்டி எழுத உட்கார்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது, எனக்கு அவர் பேர்கூடத் தெரியாது. 'கோணி சார் கட்டினது கெட்டியாகத்தான் இருந்தது. நடுவில் ஆறு கோணியை எடுத்தது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பக்கம் காற்றில் புரளாமல் இருக்க, பொக்லைன் சாவியை அதன் மேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.